வழக்குரைத்த அன்னையும் வளரும் பெண்பிள்ளைகளும்



வைகாசி மாதம் பிறந்துவிட்டால் கிழக்கிலங்கைக் கடலோரத்துக் கண்ணகை அம்மன் ஆலயங்கள் விழாக்கோலம் பூணுகின்றன. ஒலுவிலுக்கு வடக்கே காரைதீவிலும் தெற்கே தம்பிலுவிலிலும் திருக்கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், பொங்கல் என்று சடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. அந்நாட்களில் அன்னையின் சந்நிதியில் கண்ணகி வழக்குரை பாடப்படும். நிறைவாகவே திருக்குளிர்த்தி நடைபெறும்.

இந்த ஒழுங்கின் உட்பொருளை அடியார்கள் சிந்தித்தல் வேண்டும். அன்னைக்கு நேர்ந்த அநீதி முதலில் ஊரறியச் சொல்லப்படுகின்றது. முதியோரும் இளையோரும் இருந்து அதனைக் கேட்கின்றனர். அவள் வழக்கு முழுவதும் கேட்கப்பட்ட பின்னரே அவளைக் குளிரும்படி ஊர் வேண்டுகின்றது. கேளாமல் குளிரச் சொல்வது இங்கு முறையன்று.

கண்ணகி அரசியல்லள், வணிகர் குலத்துப் பெண். கோவலனைக் கள்வனென்று கொண்டு, தீர விசாரியாமல் கொலைத்தண்டனை விதித்தான் பாண்டியன். அவள் வீட்டுக்குள் இருந்து அழுது தீர்க்கவில்லை. அரண்மனை வாயிலுக்கு வந்தாள். "பெண்ணுக்கு அரசவையில் என்ன வேலை?" என்று அரசன் அவளைத் திருப்பி அனுப்பவும் இல்லை, உள்ளே அழைத்து வழக்கைக் கேட்டான். அரசியின் சிலம்பின் பரல் முத்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சிலம்பை உடைத்துக் காட்டி மெய்ப்பித்தாள். தீர்ப்புப் பிழைத்த பாண்டியன் உயிர் துறந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. கண்ணீரோடு சான்றையும் கொண்டு சென்றவள் அவள். அந்தப் பெண்ணைத்தான் இக்கரை தெய்வமாக வைத்துப் போற்றுகின்றது.

இனி, இல்லங்களின் பக்கம் பார்வையைத் திருப்புதல் வேண்டும். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகின்றது. பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று தண்ணீர் வார்த்துச் சடங்கு செய்கின்றனர். மண்டபமும் வீடியோவும் சாப்பாடும் என்று கடன்பட்டும் செய்வோர் உளர். அன்று மாலையிட்டு மணையில் இருத்திய அதே பிள்ளைக்கு மறுநாள் முதல் கட்டளைகள் தொடங்குகின்றன. சத்தமாகச் சிரிக்காதே, சைக்கிளில் போகாதே, வாசலில் நில்லாதே, அடக்கமாக இரு, பொறுமையாக இரு. அண்ணன் ரியூசன் வகுப்பிலிருந்து வந்தால் தேநீர் ஊற்றிக் கொடுக்க வேண்டியவள் அவள். அவளுக்கும் அதே பரீட்சை இருப்பதை ஒருவரும் நினைப்பதில்லை. "நான் இன்னும் படிக்கவேணும்" என்றால் வாய் நீண்டுவிட்டது என்கின்றனர். பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்தான் என்றோ, உறவினர் ஒருவர் நடந்துகொண்ட முறை சரியில்லை என்றோ சொன்னால், "வெளியில் சொல்லாதே, மானம் போய்விடும்" என்று வாயை மூடிவிடுகின்றனர். வழக்குரை இல்லாமல் நேரே குளிர்த்தி! கோயிலில் செய்யாத ஒன்று வீட்டில் எப்படி முறையாகும்?

பெண்ணைத் தாழ்த்துவது இப்பகுதியின் பழைய வழக்கமும் அன்று. இங்கு குடி தாய்வழியாக வருவது. ஒருவர் எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியே சொல்லப்படும். ஆலய உரிமைகளும் அவ்வழியே வருகின்றன. அயலிலுள்ள இஸ்லாமிய சகோதரர்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை உண்டு. திருமணமானதும் பெண் புகுந்த வீடு செல்வதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் மகளுக்கே எழுதப்படுகின்றன. பிறந்த மண்ணில் பெண்ணுக்கு ஊன்றி நிற்க ஓர் இடம் வேண்டும் என்று முன்னோர் கண்ட ஏற்பாடு அது.

ஆனால் அவளுக்குப் பாதுகாப்பாக வந்த வீடே இன்று அவளை நிறுக்கும் தராசாகிவிட்டது. எத்தனை அறை, தளம் ஓடா மாபிளா, ரொக்கம் எவ்வளவு என்று கேட்டபின்பே பெண்ணைப் பற்றிக் கேட்கின்றனர். அந்தச் சீதன வீட்டுக்காகத் தந்தை கடன்படுகிறார். அண்ணன் மத்திய கிழக்குக்குப் போகிறான். சில இல்லங்களில் தாயே பிள்ளைகளை விட்டுவிட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறாள். பிறந்த நாள் முதல் தான் ஒரு சுமை என்று கேட்டுக்கொண்டே அந்தப் பிள்ளை வளர்கிறது.

கொடுத்த வீடு கைவிட்டுப்போன காலமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. அதன் பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளிற் பல, 'குடும்பத் தலைவர்' என்ற முறையில் கணவரின் பெயருக்கே எழுதப்பட்டன. தாய்வழியாகப் பெண்ணிடம் இருந்த உரிமை ஒரு படிவத்தின் ஒரு கூட்டினால் மாறிப்போயிற்று. அரசாங்கம் உத்தரவுப்பத்திரம் கொடுத்த காணிகளிலும் இந்நிலையே இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் பிள்ளைகளுள் மகனுக்கே முதலிடம். 2022இல் வந்த திருத்தத்தின் பின்னரே அதில் ஆண், பெண் வேறுபாடு நீங்கியது. ஆகவே பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கின்றது என்பதைப் பெற்றோர் பார்த்து வைத்தல் நன்று.

வயதும் ஒரு சான்றே. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005இல் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்றார். பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு அப்போது 17 வயது. கடவுச்சீட்டிலோ வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. அவர் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்தமைக்காக, 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மொழி தெரியாத நாட்டில் தன் வழக்கைத் தானே சொல்ல இயலாமல் நின்ற பிள்ளை அவர். மதம் வேறாயினும் கிழக்கு மண்ணின் மகள். இந்நாட்டின் பொதுத் திருமணச் சட்டம் 1995 முதல் குறைந்த வயதை 18 என வைத்திருக்கின்றது. வறுமைக்காகவோ அவசரக் கல்யாணத்துக்காகவோ பெண்பிள்ளையின் வயதைக் கூட்டி எழுதுதல் அவள் கையிலிருக்கும் சிலம்பைப் பறிப்பதற்குச் சமம்.

உடன்பிறந்தவளின் பெருமைக்குத் திருநாவுக்கரசரின் தமக்கை திலகவதியாரே சான்று. மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டபோது உயிர்விடத் துணிந்தவர், தம்பியின் அழுகைக்கு இரங்கி உயிர் தாங்கினார். தம்பி சமணம் சார்ந்து, பின் சூலைநோயால் துடித்து வந்தபோது, திருவதிகையில் திருநீறு கொடுத்து ஆட்கொள்ளச் செய்தவரும் அவரே. தம்பி நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவரானார். தமக்கையின் பெயர் அந்தத் தொகையில் இல்லை. இன்றும் எத்தனையோ தம்பிமாரின் பட்டத்துக்குப் பின்னால் பெயர் வராத தமக்கைமார் இருக்கின்றனர். அந்தத் தியாகம் போற்றத்தக்கது. ஆயினும் கேட்டு வாங்கும் தியாகம் தியாகமன்று என்பதையும் உணர்தல் வேண்டும்.

1892இல் காரைதீவில் அவதரித்த சுவாமி விபுலாநந்தர், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகள் மூலம் இப்பகுதியில் பெண்பிள்ளைகளின் கல்விக்கும் வழி செய்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்த நிறுவனம் மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பஸ் ஏறிப் போகும் தூரத்தில் பட்டப்படிப்பு வந்துவிட்டது. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாவோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே. ஆயினும் வேலைக்குப் போகும் வயதுடைய பெண்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே தொழில் உலகில் இருக்கின்றனர். படிக்க வைத்தவர்கள், பட்டம் பெற்ற பின் அவள் விருப்பம் என்னவென்று கேட்பதில்லை.

அடியார்கள் செய்யத்தக்கது பெரிய காரியமன்று. அந்தியில் சாமியறையில் விளக்கேற்றியபின் மகளை அருகில் இருத்தி, "இன்று என்ன நடந்தது பிள்ளை?" என்று கேட்டல் வேண்டும். கேட்டபின் அவள் சொல்லை நம்புதல் வேண்டும். தீங்கு நேர்ந்ததென்று சொன்னால் மறைக்காமல், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கத்துக்கோ பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கோ அறிவித்தல் வேண்டும். சாமர்த்திய வீட்டுச் செலவில் ஒரு பங்கை அவள் படிப்புக்கு ஒதுக்குதல் வேண்டும். சீதனம் கேட்டு வருவோரிடம் முதலில் மகளின் சம்மதத்தைக் கேட்கச் சொல்லுதல் வேண்டும். மகனுக்கும் தன் கோப்பையைத் தானே கழுவப் பழக்குதல் வேண்டும்.

அடுத்த வைகாசியில் வழக்குரை கேட்க வருவோர், தத்தம் வீட்டுப் பிள்ளையின் வழக்கையும் கேட்டு விட்டு வருவார்களாயின் அன்னையின் உள்ளம் மெய்யாகவே குளிரும். அவள் கருணையால் மழை பொழிந்து, வயல் விளைந்து, கடல் வளம் பெருகி, பெண்பிள்ளைகள் அச்சமின்றி வளர எல்லாம் வல்ல கண்ணகை அம்மன் திருவருள் பாலிப்பாளாக.

ஓம் சக்தி!
சுபம்.