ஏரிக்கரை வார்டன்



உலகத்திலேயே மிகத் தெளிந்த நன்னீர் ஏரி எது என்று கேட்டால், நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு சின்ன ஏரியைக் காட்டுவார்கள். நெல்சன் லேக்ஸ் தேசியப் பூங்காவில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஊருக்குத் தெரிந்த பெயர் புளூ லேக். மாவோரி மக்கள் வைத்த பெயர் ரோட்டோமைரெஃபெனுவா. அந்தத் தண்ணீருக்குள் 70 முதல் 80 மீட்டர் வரை பார்வை போகும் என்று விஞ்ஞானிகள் அளந்து 2011-இல் அறிவித்தார்கள். தெளிவில், காய்ச்சி வடித்த நீருக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது.

இதை வடித்துக் கொடுப்பது மலைதான். மேலே கான்ஸ்டன்ஸ் என்று இன்னொரு ஏரி. இரண்டுக்கும் நடுவே, எப்போதோ சரிந்து விழுந்த மலைச்சரிவின் கற்குவியல் அணைபோலக் கிடக்கிறது. மேல் ஏரித் தண்ணீர் அதற்குள் புகுந்து, கசிந்து, அழுக்கையெல்லாம் வழியிலேயே விட்டுவிட்டுக் கீழே வந்து சேர்கிறது.

இந்த ஏரிப் பக்கத்தில் ஒரு விடுதி. விடுதி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். 16 பேர் படுக்கலாம். குளிர்காய ஒரு கணப்பு, குடிக்கத் தண்ணீர், வெளியே கழிப்பறை, அவ்வளவுதான். சாலை கிடையாது. ரோட்டோரோவா ஏரியில் படகேறி, மறுமுனையில் இறங்கி, சபைன் ஆற்றங்கரையோடு பீச் மரக் காடுகளுக்குள் நடக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும். நியூசிலாந்தை வடக்கிலிருந்து தெற்காக அளக்கும் தே அராரோவா நடைபாதை, சுமார் 3,000 கிலோமீட்டர், அதுவும் இந்த விடுதியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

கோடையில், அதாவது நமக்கு மார்கழி பிறக்கும் சமயத்தில், இங்கே கூட்டம் வரும். அப்போது அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை தன்னார்வலர்களை வார்டனாக அனுப்புகிறது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ முறை வைத்து வருவார்கள். சம்பளம் இல்லை. சொந்தச் சமையல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் வருவார்கள், விடுமுறையை இதற்கென்றே எடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு.

வார்டனின் காலை விளக்குமாற்றோடு தொடங்கும். இரவு தங்கியவர்கள் மூட்டை கட்டிக் கிளம்பியதும் மெத்தைகளைத் தூக்கி நிறுத்தித் துடைப்பது, தரையைப் பெருக்குவது, சமையல் மேடையில் ஒட்டியிருக்கும் ஓட்ஸ் கஞ்சியைச் சுரண்டுவது, பிறகு கழிப்பறை. இதை யாரும் புகைப்படம் எடுத்துப் போடுவதில்லை. வாசலில் கழற்றிப்போட்ட காலணிகள் மீதும் ஒரு கண் வேண்டும். கீயா என்கிற மலைக்கிளி இருக்கிறதே, அதற்கு ரப்பரும் கயிறும் என்றால் உயிர். அலகால் கொத்திப் பிய்த்துவிடும். ஒற்றைக் காலணியோடு இரண்டு நாள் மலையிறங்கிப் பாருங்கள், தெரியும்.

அப்புறம் ஒரு பதிவேடு. வந்தவர் பெயர், எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார். பார்ப்பதற்கு வெறும் காகித வேலை. யாராவது ஒருவர் ஊர் திரும்பவில்லை என்றால், தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது இதைத்தான். கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடம் அது. வார்டனுக்குத் துணை வானொலித் தொடர்புக் கருவி. அதில் வரும் மலை வானிலை அறிக்கையைக் கேட்டுப் பலகையில் எழுதி வைப்பார். மேலே 1,870 மீட்டர் உயரத்தில் வையாவு கணவாய் இருக்கிறது. மறுநாள் அதைக் கடக்கலாமா, ஒரு நாள் தங்கிப் போகலாமா என்று நடப்பவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நானும் வானொலிக்காரன் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை, மன்னியுங்கள்.

இவ்வளவும் கைவேலை. கடினமான வேலை பிற்பகலில் வரும். வெயிலில் ஏறி, வியர்த்து, தோள்மூட்டையைத் திண்ணையில் போட்டுவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் இளைஞன் ஏரியை நோக்கி நடப்பான். இரண்டு நாளாக அவன் மனதில் இருந்தது அந்தக் குளியல்தான். அவனிடம் போய், "தம்பி, இதில் இறங்கக் கூடாது" என்று சொல்ல வேண்டும். குளிக்கக் கூடாது, கால் நனைக்கக் கூடாது, பாத்திரம் கழுவக் கூடாது, புட்டியை முக்கக் கூடாது.

ஏன் என்பதற்கு இரண்டு பதில் உண்டு. ஙாட்டி ஆப்பா என்ற மாவோரி இனக்குழுவுக்கு அது புனித நீர். இறந்தவர்களின் எலும்புகளை அந்த நீரால் தூய்மை செய்து, மூதாதையர் நாடான ஹவாய்க்கிக்கு உயிரை வழியனுப்பும் சடங்கு அங்கே நடந்திருக்கிறது. இரண்டாவது பதில், லிண்டாவியா என்னும் நுண்பாசி. தண்ணீருக்குள் கோழைபோல இழையிழையாகத் தொங்கும். கீழே உள்ள ரோட்டோயிட்டி, ரோட்டோரோவா ஏரிகள் இரண்டிலும் அது வந்துவிட்டது. நடப்பவர்களில் பெரும்பாலோர் புறப்பட்டு வருவது அந்த ஏரிக்கரைகளிலிருந்துதான். ஈரக் காலணியில், புட்டியின் அடியில், துண்டின் நுனியில் ஒட்டிய ஒரு சொட்டு போதும், மலை வடித்து வைத்த நீர் கெட்டுப்போக.

அறிவிப்புப் பலகையில் இதெல்லாம் எழுதியும் இருக்கிறது. ஆனால் களைத்து வந்தவன் அதைப் படிப்பதில்லை. அந்த வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது என் கட்சி. நம் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் குடிதண்ணீர் ஊருணிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குடத்தை மொண்டு எடுக்கலாம், செருப்புக் காலோடு இறங்க முடியாது. இறங்கினால் அக்கரையிலிருந்து ஒரு பாட்டியின் குரல் வரும். அந்தப் பாட்டிக்கு எந்தத் துறையும் உத்தரவு கொடுக்கவில்லை. தண்ணீரை அவளும் குடிக்கிறாள், அந்த உரிமை போதும்.

வார்டனுக்கு அந்த உரிமையும் இல்லை. அவர் அந்த ஊர்க்காரர் அல்ல, அடுத்த வாரம் போய்விடுவார். கையில் இருப்பது சொல் மட்டும். அதட்டிச் சொன்னால் அவர் தலை மறைந்ததும் இறங்கிவிடுவார்கள். அனுபவசாலிகள், ஆள் மூட்டையை இறக்கும்போதே பேச்சுக் கொடுத்துவிடுவார்கள். வழி எப்படி இருந்தது, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, கீயா தொல்லை உண்டா என்று விசாரித்துவிட்டு, அந்தப் பேச்சோடு பேச்சாக எலும்பையும் பாசியையும் சொல்லிவிடுவார்கள். காரணம் தெரிந்தபின் பெரும்பாலோர் துண்டை மடித்து வைத்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். சிலர் முணுமுணுப்பார்கள். இவ்வளவு தூரம் வந்தோமே என்பார்கள். அந்த முணுமுணுப்பையும் வாங்கிக்கொள்வது வார்டன் வேலையில் சேர்த்தி.

முறை முடிந்து இறங்கும் நாளில் வார்டன் அடுத்தவருக்காகக் குறிப்பு எழுதி வைப்பார். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தச் சன்னல் காற்றுக்கு அடித்துக்கொள்கிறது, துடைப்பம் எங்கே இருக்கிறது. பிறகு தன் காலணியையும் மற்றவர்களுக்குச் சொன்ன மாதிரியே தேய்த்துக் கழுவிக் காயவைத்து மாட்டிக்கொள்வார். கீழே இன்னொரு ஏரி வழியாகத்தானே அவரும் வீட்டுக்குப் போக வேண்டும்.