எங்கும் கடவுள் என்றால், சாக்கடையை எங்கே விடுவது?

1955 ஆகஸ்ட் 18 அன்று நியூயார்க்கில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் பீட் சீகர் ஆஜரானார். வயது 36. நாட்டுப்புறப் பாடகர், கையில் எப்போதும் பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியம். கம்யூனிஸ்டுகளின் கூட்டத்தில் பாடினீரா, யார் கூப்பிட்டுப் பாடினீர் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். தன் சமய நம்பிக்கை, தத்துவம், அரசியல், யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது, இவற்றில் எதைப் பற்றியும் பதில் சொல்லப் போவதில்லை என்று சீகர் மறுத்துவிட்டார். வேண்டுமானால் அந்தப் பாட்டுகளைப் பாடிக் காட்டுகிறேன் என்றார். குழுவுக்குப் பாட்டு கேட்கும் எண்ணம் இல்லை. 1961-ல் அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் மறு ஆண்டே அது ரத்தானது.

மிரட்டிக் கேட்டபோது சொல்லாததை, எண்பது வயதைத் தாண்டியபின் அவராகவே சொன்னார். முன்பெல்லாம் தன்னை நாத்திகன் என்றுதான் சொல்லிக்கொண்டாராம். பிறகு, கடவுள் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது என்று பட்டதாம். தன் கணக்கில் எல்லாமே கடவுள்; கண்ணைத் திறந்தால் பார்ப்பது கடவுளை, காது கொடுத்தால் கேட்பது கடவுளை. காட்டுக்குள் இருக்கும்போதும் நட்சத்திரங்களை அண்ணாந்து பார்க்கும்போதும்தான் ஆன்மிக உணர்வு அதிகம் வருகிறது என்றும் சொன்னார்.

கேட்க இனிமையான பேச்சு. ஆனால் இதன்மேல் ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. கடவுளும் இயற்கையும் ஒன்றே என்று 17-ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் ஸ்பினோசா எழுதினார். இளம் வயதிலேயே, 1656-ல், ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கி வைத்திருந்தது. அவருடைய அந்தக் கருத்தைப் பின்னால் வந்த இன்னொரு தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவர் ஒரே அடியில் சாய்க்கப் பார்த்தார். உலகத்தைக் கடவுள் என்று அழைப்பதால் என்ன விளங்கிவிட்டது? உலகத்துக்கு இன்னொரு பெயர் வைத்தீர்கள், அவ்வளவுதானே? மலையைக் கடவுள் என்றாலும் மலை என்றாலும் மலை மலையாகவே இருக்கிறதே!

நூலறிவால் இதற்குப் பதில் தேடியவர்கள் பலர். சீகரின் வாழ்க்கையைப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது.

1919-ல் பிறந்தவர் சீகர். அப்பா இசை ஆய்வாளர், அம்மா வயலின் கலைஞர். ஆனாலும் சிறுவனை முதலில் பிடித்துக்கொண்டவை எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டனின் காட்டு வாழ்க்கைப் புத்தகங்கள். அவற்றைப் படித்துவிட்டு, அமெரிக்கப் பழங்குடிகளைப் போல் கூம்புக் கூடாரம் கட்டிக் காட்டில் திரிந்தார். பதின்வயதில் தெற்கு மலைநாட்டுத் திருவிழா ஒன்றில் ஐந்து தந்தி பாஞ்சோவைக் கேட்டார். 1938-ல் ஹார்வர்டை விட்டார். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் பாட்டுதான்.

1949-ல் ஹட்சன் ஆற்றைப் பார்த்த ஒரு மலைச்சரிவில், பீக்கன் ஊருக்குப் பக்கத்தில், அவரும் மனைவி தோஷியும் நிலம் வாங்கினார்கள். மரக்கட்டை வீடு கட்டும் முறையை நூலகப் புத்தகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, மரத்தை வெட்டித் தானே வீடு கட்டினார். தொடக்கத்தில் மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. காட்டு வாழ்க்கையைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தில் தோஷியை மறந்துவிடக் கூடாது. கணவர் ஊர் ஊராகப் பாடப் போனபோது, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, குழந்தைகளை வளர்த்தவர் அவர்தான். பின்னாளில் ஆற்றங்கரை இசைவிழாக்களை நடத்திக்காட்டியவரும் அவரே. சீகரின் ஆன்மிகத்தில் பாதிப் பங்கு அவருக்கு எழுதப்பட வேண்டும்.

நிலம் வாங்கிய அதே 1949, செப்டம்பர் 4. பீக்ஸ்கில் அருகே கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனின் கச்சேரி. சீகரும் பாடினார். முடிந்து திரும்பும் வழியில் சாலையோரம் நெடுகக் கும்பல், கையில் கற்கள். காரில் தோஷியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். கண்ணாடி உடைந்து துகள்கள் பிள்ளைகள்மேல் சிதறின. காருக்குள் வந்து விழுந்த கற்களில் சிலவற்றைச் சீகர் எடுத்து வைத்தார். வீடு கட்டும்போது அவற்றைப் புகைபோக்கியில் வைத்துப் பூசிவிட்டார்.

எல்லாம் கடவுள் என்பவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கடினமான கேள்வி இதுதான். கல்லெறிந்தவனும் கடவுளா? குழந்தையின்மேல் பட்ட கண்ணாடித் துகளும் கடவுளா? ஆம் என்றால் தீமையோடு போராடுவது எதற்காக? இல்லை என்றால் ‘எல்லாம்’ என்ற சொல் பொய். சீகர் இதற்குத் தத்துவ விளக்கம் எதுவும் எழுதவில்லை. கல்லைத் தூக்கி எறியவும் இல்லை, மறக்கவும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். பகையைச் சுற்றி வளைத்துப் பணிய வைக்கும் கருவி இது என்ற பொருளில், தன் பாஞ்சோவின் தோலில் ஒரு வாசகத்தையும் எழுதி வைத்திருந்தார். பகைவனும் தன் உலகத்துக்குள் அடக்கம்தான், அவனை வெளியே தள்ள இடமில்லை, ஆகவே அவனை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இது. தர்க்கத்தில் இது முழுமையான பதில் ஆகாது. ஆனாலும் தர்க்கம் மட்டும் தரும் பதில்களைவிட இது உறுதியாக நிற்கிறது.

அவர் நம்பிக்கை எப்போதும் சரியாக வழிகாட்டியது என்று சொல்ல முடியாது. இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். ஸ்டாலினின் கொடுமையைச் சரியாகப் பார்க்கத் தவறியதற்குப் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். மனித குலத்தை நேசிக்கிறேன் என்ற பெரிய பேச்சு, கண்ணெதிரே சாகும் மனிதனைப் பார்க்கவிடாமல் செய்துவிடும். எல்லாம் கடவுள் என்பதற்கும் அதே ஆபத்து உண்டு. அதனால்தான் அவர் ஒரே ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டது முக்கியமாகிறது.

பூச்சிக்கொல்லி நஞ்சைப் பற்றி ரேச்சல் கார்சன் எழுதிய ‘மௌன வசந்தம்’ 1962-ல் வெளிவந்தது. அதுவரை, எளியவர்கள் பூமியைச் சுதந்தரிக்க உதவுவதே தன் வேலை என்று நினைத்திருந்தார் சீகர். சும்மா இருந்தால் அவர்கள் கைக்கு வரப்போவது நஞ்சேறிய பூமி என்பது அந்தப் புத்தகத்தைப் படித்ததும் உறைத்தது. வாசலில் ஓடிய ஹட்சனே அதற்குச் சாட்சி. சிறு படகில் பாய் விரித்துப் போனால் சுற்றிலும் ஊர்க் கழிவு மிதந்தது. ஆற்றின் மேற்பகுதியில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகள் 1947 முதல் 1977 வரை பி.சி.பி. என்ற வேதிப்பொருளை ஆற்றில் கலந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் அது 13 லட்சம் பவுண்டு வரை இருக்கும். அது தண்ணீரில் கரைந்து போகாது. சேற்றில் தங்கி, மீனின் கொழுப்பில் ஏறும். 1976-ல் மேல் ஹட்சனில் மீன்பிடிக்கவே தடை வந்தது.

அந்த ஆற்றில் 19-ஆம் நூற்றாண்டில் ஓடிய ஒற்றைப் பாய்மரக் கப்பல்களைப் பற்றிய 1908-ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்றை நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். அப்படி ஒரு கப்பலைத் திரும்பக் கட்டினால் என்ன? 1966-ல் ஓர் அமைப்பு உருவானது. கச்சேரி நடத்திப் பணம் சேர்த்தார்கள். 1969 மே மாதம் மேய்ன் மாநிலத்தில் 106 அடி நீளமுள்ள ‘கிளியர்வாட்டர்’ கப்பல் தண்ணீரில் இறங்கியது. தொழிற்சாலையை இழுத்து மூடு என்று கத்துவதற்கு முன்னால், ஜனங்களை ஆற்றோடு பழக விடுவோம் என்பது சீகரின் எண்ணம். பள்ளிப் பிள்ளைகள் கப்பலில் ஏறினார்கள். எல்லாரும் சேர்ந்து வடத்தை இழுத்துத்தான் பெரிய பாயை ஏற்ற வேண்டும், பாடிக்கொண்டே இழுத்தார்கள். வலை போட்டு மீன் பிடித்து, தொட்டியில் விட்டுப் பார்த்து, திரும்ப ஆற்றில் விட்டார்கள். நாற்றம் பிடித்த சாக்கடை என்று கேள்விப்பட்ட ஆற்றில் உயிர் துள்ளுவதை அந்தக் குழந்தைகள் கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

ஷோப்பன்ஹவருக்கான பதில் இங்கே இருக்கிறது. ஆற்றைக் கடவுள் என்று அழைப்பதால் ஆற்றைப் பற்றிய அறிவு கூடிவிடாது என்பது அவர் வாதம், அது உண்மைதான். கூடுவது அழைத்தவனின் கடமை. உலகம் என்று மட்டும் சொன்னவன் அதில் கழிவைக் கொட்டலாம். கடவுள் என்று சொல்லிவிட்டவனுக்கு அந்த வசதி போய்விடுகிறது. அதன் பிறகும் கொட்டினால் அவன் சொன்ன சொல் வெறும் சொல்.

பைபிளைச் சீகர் எடுத்தாண்ட விதத்திலும் இதே போக்குத்தான். எதிர்ப்புப் பாட்டுகளை விற்க முடியவில்லை, வேறு ஏதாவது எழுது என்று பதிப்பாளர் கடிதம் போட, பழைய ஏற்பாட்டின் பிரசங்கி நூலிலிருந்து மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தை எடுத்து மெட்டமைத்து அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமுண்டு என்று சொல்லும் பகுதி அது. பிரசங்கி, எல்லாம் மாயை என்று அலுத்துக்கொண்ட ஞானி. அவருடைய வரிகளின் கடைசியில், சமாதானத்துக்குக் காலம் கடந்துவிடவில்லை என்ற தன் உறுதியை ஆறே ஆங்கிலச் சொற்களில் சேர்த்தார் சீகர். 1965-ல் பேர்ட்ஸ் குழு அந்தப் பாட்டைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. வேதத்தின் சோர்வை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் முடிவில் வேலைக்குக் கூப்பிடுகிற துணிச்சல் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

தொண்ணூறு வயதைத் தாண்டியும் விறகு பிளந்தார். பீக்கன் ஆற்றங்கரையில் குனிந்து குப்பை பொறுக்கினார். ஆற்றிலேயே குழந்தைகள் நீந்த ஒரு மிதக்கும் குளம் வேண்டும் என்று முயன்று, 2007-ல் அது திறக்கப்பட்டதையும் பார்த்தார். 2013 ஜூலையில் தோஷி இறந்தார். 2014 ஜனவரி 27-ல், 94 வயதில், சீகரும் போனார்.

ஹட்சனின் நஞ்சுச் சேற்றைத் தூர்வாரும் வேலை 2009-ல் தொடங்கி 2015-ல் முடிந்தது. ஆற்றின் பல இடங்களில் இப்போது நீந்தலாம். மீன் விஷயம் வேறு. மேல் ஹட்சனில் நஞ்சு கலந்த பகுதியில் பிடித்த மீனை யாரும் சாப்பிட வேண்டாம் என்ற நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் அறிவுரையை, தூர்வாரி முடித்ததும் எடுத்துவிட முடியவில்லை.