மென்செல் இடைவெளி

1963 மார்ச்சில் மார்ட்டன் ஷ்மிட் ஒரு சிறிய கட்டுரையை வெளியிட்டார். 3சி 273 என்று பட்டியலில் இருந்த ஒரு ரேடியோ மூலத்தைப் பற்றியது அது. தொலைநோக்கியில் பார்த்தால் விண்மீன் மாதிரிதான் இருக்கும், ஒரு புள்ளி. ஆனால் அதன் நிறமாலைக் கோடுகள் ஏறத்தாழ 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. அந்த நகர்வை நம்பினால் அந்தப் புள்ளி 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. அங்கிருந்து இவ்வளவு வெளிச்சம் வருகிறதென்றால், நம் பால்வழியின் விண்மீன்களை எல்லாம் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. குவாசர் என்று பிறகு பெயர் பெற்ற பொருள்களில் அதுவும் ஒன்று.

அடுத்த கேள்வி, அது எவ்வளவு பெரியது என்பது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதன் ஒளிர்வு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் ஒரு பொருள் கணிசமாக மங்கிப் பிரகாசிக்கிறது என்றால், வெளிச்சம் வரும் பகுதி ஒரு ஒளியாண்டைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு முனையில் நடந்தது மறுமுனைக்கு எட்டவே அதைவிட அதிக நேரம் பிடிக்குமே. ஹார்லன் ஸ்மித்தும் டாரிட் ஹோஃப்லைட்டும் இதற்காகப் பல வருடம் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவில்லை. ஹார்வர்டு வானாய்வகத்தின் அலமாரிகளுக்குப் போனார்கள். அங்கே வானத்தின் அந்தப் பகுதியை எடுத்த கண்ணாடித் தகடுகள் 1887 வரை பின்னோக்கி அடுக்கப்பட்டிருந்தன. 13ஆம் அளவுக்கு அருகில் அந்தப் புள்ளி அவற்றில் இருந்தது. கூடிக் குறைந்துகொண்டும் இருந்தது.

1887இல் ரேடியோ வானியல் என்று ஒன்றே கிடையாது. ரேடியோ அலைகள் உண்டு என்று ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. தகட்டை எடுத்தவருக்கு அந்தப் புள்ளி தேவையே இல்லை. அந்தத் திசையில் வானம் இருந்தது, எடுத்தார், அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ என்னைக் கொஞ்ச நாளாகவே தொந்தரவு செய்கிறது. யாரும் கேட்காத கேள்விக்கான பதிலைச் சேர்த்து வைக்கிற கடமை என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது யாருக்குப் பட்ட கடன்?

அதற்கு முன்னால் தகட்டிலிருந்து ஒளிர்வை எப்படி எடுக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் வாதம் அதில்தான் நிற்கிறது.

தகடு ஒரு நெகடிவ். தெளிந்த கண்ணாடியில் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். பிரகாசமான விண்மீன் பெரிய, அடர்ந்த பொட்டு. மங்கலானது தூசி மாதிரி. ஆனால் பொட்டின் அகலத்தை அளந்து நேராக ஒளிர்வு சொல்லிவிட முடியாது. எமல்ஷனில் இருக்கும் வெள்ளி உப்பு வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் கறுப்பதில்லை. ஒரு எல்லைக்கு மேல் கறுப்பு கறுப்புதான். அன்றைய இரவில் பனிமூட்டம் இருந்ததா, டெவலப்பரில் எத்தனை நிமிடம் கிடந்தது, இதெல்லாம் தகட்டுக்குத் தகடு மாறும். அதனால் விண்மீனைத் தனியாக அளப்பதே இல்லை. பக்கத்தில் ஒளிர்வு தெரிந்த, மாறாத விண்மீன்கள் சிலவற்றைத் தேர்ந்துகொள்கிறார்கள். தகட்டைப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சட்டத்தில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை கண்ணருகே பிடித்து, நம்ம ஆள் இவனைவிட மங்கல், அவனைவிடப் பிரகாசம், இடைவெளியில் பத்துக்கு மூன்று பங்கு என்று கண்ணால் மதிப்பிடுகிறார்கள். பழகிய கண்ணுக்கு ஒரு அளவில் பத்தில் ஒரு பங்குவரை பிடிபடும்.

(இந்த ‘அளவு’க்கு இன்று நாம் பயன்படுத்தும் கணக்கை, ஐந்து அளவு வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வெளிச்சம் என்பதை, 1856இல் முன்வைத்தவர் நார்மன் பாக்சன். 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்தவர் 1891இல் சாகும்வரை இங்கேயே இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெடிகுலி என்கிற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். தகடு இல்லாமல், வெறும் கண்ணை நம்பி.)

ஹென்ரியட்டா லெவிட் இந்த வேலையைத்தான் ஹார்வர்டில் மணிக்கு 30 சென்ட் கூலிக்குச் செய்தார். பெரு நாட்டின் அரெகிப்பாவில் எடுத்த தகடுகள் கப்பலில் வந்து சேரும். ஒரு இரவின் நெகடிவ்மேல் இன்னொரு இரவின் பாஸிட்டிவை வைத்துப் பார்ப்பார். மாறாத விண்மீன்கள் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும், மாறியது மட்டும் துருத்தித் தெரியும். 1908இல் மெகல்லன் மேகங்களில் 1777 மாறும் விண்மீன்களைப் பட்டியலிட்டார். 1912இல், சின்ன மேகத்தின் 25 விண்மீன்களை வைத்து, ஒளிர்வு கூடக்கூட மாறும் காலமும் கூடுகிறது என்று காட்டினார். அண்டத்தின் தூரங்களை அளக்கும் கோல் அது. 1923 அக்டோபரில் ஆண்ட்ரோமெடாவின் தகடு ஒன்றில் ஹபிள், முதலில் நோவா என்று குறித்ததை அடித்துவிட்டு ‘மாறுவது’ என்று ஆச்சரியக்குறியோடு எழுதினார். எழுதுவதற்கு முன் அவரும் பழைய தகடுகளை எடுத்துப் புரட்ட வேண்டியிருந்தது. லெவிட் 1921இலேயே இறந்துவிட்டிருந்தார். இந்தக் கதை நிறையச் சொல்லப்பட்டுவிட்டது, எனவே கடந்து போகிறேன்.

எனக்கு அதிகம் சொல்லப்படாத கதைதான் வேண்டும். 1950களின் முற்பாதியில் டொனால்ட் மென்செல் ஹார்வர்டு வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்தார். பணம் பற்றாக்குறை. தகடு எடுக்கும் வேலையை நிறுத்தினார். 1960களின் பிற்பாதியில்தான் அது மறுபடி தொடங்கியது. இந்த ஏறத்தாழ பதினைந்து வருடத்துக்கு வானியலாளர்கள் வைத்த பெயர் மென்செல் இடைவெளி. ஒரு மனிதரின் பெயர் ஒரு வெற்றிடத்துக்கு! குவாசர்கள் கண்டுபிடிக்கப்பட்ட 1963 இந்த வெற்றிடத்துக்கு நடுவில் வருகிறது. 76 வருடம் முன்னால் அந்தப் புள்ளி எப்படி இருந்தது என்று சொன்ன அலமாரியில், அந்த வருடத்துத் தகட்டுக்கான இடம் காலியாக இருந்தது.

மென்செலை வில்லனாக்குவது சுலபம். அவர் பக்கம் நின்றும் யோசிக்க வேண்டும். அவர் முட்டாள் இல்லை. சூரியனின் இயற்பியலில் பெரிய ஆள். செசிலியா பெய்ன்-கபோஷ்கின் பல வருடமாகக் குறைந்த சம்பளத்தில் இருந்ததைப் பார்த்து அதை உயர்த்தியவரும், 1956இல் அவர் முழுப் பேராசிரியர் ஆனபோது இயக்குநராக இருந்தவரும் இதே மென்செல்தான். தன் உதவியாளர்களோடு சேர்ந்து தகடுகளில் மாறும் விண்மீன்களைப் பன்னிரண்டு லட்சம் தடவைக்கு மேல் அளந்தவர் அந்த அம்மையார். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதா, இன்னும் பிறக்காத ஒருவர் இன்னும் தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்பார் என்று கண்ணாடி வாங்குவதா? பட்ஜெட் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் யாரும் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

என் தொழிலில் இது தினசரி நடக்கிறது. சர்வர்கள் எழுதித் தள்ளும் லாக் கோப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்று ஒரு கூட்டம் போடுவோம். “இதை யார் பாக்கப் போறா?” என்று யாராவது கேட்பார்கள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் பதில் கிடையாது. 30 நாள் என்று முடிவாகும். அந்த முடிவில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்பது அறம் இல்லை, அது வெறும் பதற்றம். சேமிப்புக்கு மின்சாரமும் பணமும் யாரோ கொடுக்க வேண்டியிருக்கிறது. எதிர்காலம் என்று சொல்லிவிட்டால் எந்தச் செலவையும் நியாயப்படுத்திவிடலாம் என்பதால், அந்த வாதத்தின்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. பிறக்காதவருக்கு நான் குறிப்பாக என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆனாலும் மென்செல் செய்தது லாக் அழிப்பது மாதிரி இல்லை என்றே தோன்றுகிறது. ஏன் என்பதற்கு ஒரு விண்மீன் உதவியது.

கேஐசி 8462852 என்கிற விண்மீன். கெப்ளர் விண்கலம் அதைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, ஒழுங்கே இல்லாத இடைவெளிகளில் அதன் வெளிச்சம் விழுந்தது, ஒரு தடவை 22 சதவீதம்வரை. 2015இல் டபெத்தா போயாஜியன் குழு இதை அறிவித்ததும் வேற்றுலகவாசிகள் கட்டிய ஏதோ ஒன்று மறைக்கிறது என்றுகூட இணையம் அலறியது. 2016 ஜனவரியில் பிராட்லி ஷேஃபர் ஹார்வர்டு தகடுகளுக்குப் போனார். 1890இலிருந்து 1989வரை அந்த விண்மீன் மெதுவாக மங்கி வந்திருக்கிறது, நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 0.16 அளவு என்றார். சில வாரங்களிலேயே மைக்கேல் ஹிப்கே முதலானோர் மறுத்தார்கள். மங்கியது விண்மீன் அல்ல, தகடுகளின் அளவீட்டில் ஒரு தாவல் இருக்கிறது, அது மென்செல் இடைவெளியை ஒட்டி வருகிறது, மற்ற விண்மீன்களிலும் அதைப் பார்க்கலாம் என்றார்கள். இடைவெளிக்கு முன்னால் வேறு கேமராக்கள், வேறு எமல்ஷன், பின்னால் வேறு. ஜெர்மனியின் ஸோன்னெபர்க் தகடுகளில் அந்த மங்கல் தெரியவில்லை. கெப்ளரின் சொந்தப் படங்களை வேறு விதமாக அலசியவர்கள் நான்கு வருடத்தில் மெல்ல மங்கியதைக் கண்டார்கள். ஹார்வர்டு தகடுகளின் சாட்சி மட்டும் சந்தேகத்தில் தொங்கியது.

இதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். மென்செல் 1955இன் தகட்டை எடுக்கவில்லை, அதனால் 1955 போய்விட்டது. அது நாம் எதிர்பார்க்கும் நட்டம். ஆனால் அதோடு 1890இன் தகடும் தன் வலுவில் கொஞ்சத்தை இழந்துவிட்டது. அதை எடுத்தவர் எல்லாம் சரியாகத்தான் செய்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு யாரோ நிறுத்தியதால், அவருடைய இரவை 1980இன் இரவோடு ஒப்பிட முடிகிற பாலம் உடைந்தது. ஒரு தகடு தனியாக எதையும் சொல்வதில்லை. பக்கத்து விண்மீனும் பக்கத்து இரவும் இருந்தால்தான் சொல்கிறது. தகடுகளைச் சரக்காக எண்ணினால் நிறுத்துவது நியாயம்தான், இனி வாங்க வேண்டாம், இருப்பது இருக்கட்டும். தொடராக எண்ணினால், நிறுத்துகிறவர் இருப்பதிலிருந்தும் எடுக்கிறார்.

அப்படிப் பார்க்கும்போது அந்தக் கடன் பிறக்காதவருக்கு அல்ல, இறந்தவர்களுக்குத்தான் என்று படுகிறது. அவர்கள் செய்த வேலையின் மதிப்பு அவர்கள் கையில் முடிந்துவிடவில்லை, நம் கையில் இன்னும் திறந்திருக்கிறது. இறந்தவர்களுக்கு இனி நல்லதோ கெட்டதோ செய்ய முடியாது என்பார்கள். எனக்கு அது உறுதியாகத் தெரியவில்லை. அரெகிப்பாவில் குளிரில் நின்றவரின் இரவு வீணாகுமா ஆகாதா என்பது 1953இல் ஒரு மேஜையில் முடிவானது. கொடைக்கானலில் 1900களின் தொடக்கத்திலிருந்து சூரியனைத் தகடுகளில் எடுத்து வந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு மாறும் விண்மீன்தானே. இரண்டு உலகப்போர், ஆட்சி மாற்றம் எல்லாம் தாண்டி அந்தத் தொடர் ஓடியது. ஒரு மேகமில்லாத காலையில் ‘இன்னைக்கு ஒரு நாள் எடுக்கலன்னா என்ன’ என்று அங்கே யாருக்குமே தோன்றியிருக்காதா?

ஆனால் இந்தக் கடனை அடைக்கப் போனால் வேறொரு சிக்கல் வருகிறது. ஹார்வர்டின் தகடுகளை ஸ்கேன் செய்து எண்களாக மாற்றும் டாஷ் திட்டத்தில், தகட்டின் கண்ணாடிப் பக்கத்தில் இருந்த மைக்குறிகளைத் துடைக்க வேண்டியிருந்தது. லெவிட்டும் மற்றப் பெண்களும் விண்மீன்களைச் சுற்றிப் போட்ட வட்டங்கள், அம்புக்குறிகள், எண்கள். மை இருந்தால் ஸ்கேனருக்கு அடியில் இருக்கும் விண்மீன் தெரியாது. முதலில் குறிகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள், வரலாற்று முக்கியத்துவம் உள்ள சிலவற்றைத் துடைக்காமல் விட்டார்கள், மற்றதைத் துடைத்தார்கள். லெவிட்டின் வேலையைத் தொடர்வதற்காக லெவிட்டின் கையெழுத்தை அழிப்பது! சிலர் கோபப்பட்டார்கள். நான் துடைத்தவர்கள் பக்கம். அந்த வட்டங்கள் விண்மீனைச் சுட்டத்தான் போடப்பட்டன, வட்டத்தைப் பார்க்க அல்ல. ஆனாலும் அந்தத் துணியை என் கையில் கொடுத்தால் யாருடைய குறியை முதலில் துடைப்பேன் என்று நினைத்துப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. நட்சத்திரத்தின் பெயரால் கூலிக்காரியின் தடம் இரண்டாவது முறையாகவும் போகிறது என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சட்டென்று பதில் வராது.

ஷேஃபரின் கட்டுரை வெளியான அதே 2016 ஜனவரியில் தகடுகள் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்தது. கீழ்த்தளத்தில் வெள்ளம். 61,000 தகடுகள்வரை நனைந்தன. பூஞ்சை பிடிக்காமல் இருக்க அவற்றை உறைய வைத்தார்கள். பிறகு காகித உறைகளிலிருந்து பிரித்து, சுத்தம் செய்து, உலர்த்தி, ஒவ்வொன்றாக ஸ்கேனருக்கு அனுப்பும் வேலை வருடக்கணக்கில் நடந்தது. அவற்றில் எந்தத் தகட்டில் எந்தப் புள்ளி எதற்குத் தேவைப்படும் என்று அதைச் செய்தவர்களுக்கும் தெரியாது.