ஆறு மாத மாணவரும் அயலார் மெய்ம்மையும்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓர் அரையாண்டுப் பருவம் மட்டும் பயின்று, அங்கு ஈட்டிய தகுதிப் புள்ளிகளைத் தாய்க் கல்லூரியின் பட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு மாணவர் பரிமாற்றம் எனப்படுகிறது. ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இதற்குப் பெருவடிவம் தந்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள், இணைப்புப் படிப்பில் (twinning) சேர்ந்த மாணவர் ஒருவர் தம் பட்டத்துக்கு வேண்டிய புள்ளிகளில் 30 விழுக்காடு வரை அயல்நாட்டு நிறுவனத்தில் பெற வழிசெய்தன. இவ்வேற்பாட்டின் செலவு, விசா, வேலைவாய்ப்பு ஆகியன மிகுதியாகப் பேசப்படுகின்றன. இதனுள் பழைய சமயக் கேள்வி ஒன்றும் இருப்பது பேசப்படுவதில்லை: திரும்பிச் செல்லும் நாளை முதல் நாளே அறிந்துகொண்டு வருபவர், தாம் தங்கும் நாட்டாரின் நம்பிக்கையை உண்மையில் கற்க இயலுமா, அல்லது அதைப் பார்த்துவிட்டுப் போக மட்டுமே இயலுமா?

காஞ்சிபுரத்து வட்டாரத்துக்கு இக்கேள்வி புதியதன்று. இன்று தறியையும் கோயிலையும் ஏரியையும் சுற்றி வாழ்க்கை நடத்தும் இப்பகுதி, ஒரு காலத்தில் அயலூர் மாணவர் நாடி வந்த கல்விநிலமாக இருந்தது. வேதமும் சாத்திரங்களும் பயிற்றப்பட்ட உயர்கல்வி அமைப்புக்குக் கடிகை என்று பெயர். கர்நாடகத்துத் தாளகுந்தாவில் உள்ள 5ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, கடம்ப அரச மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் ஆசிரியர் வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்தான் என்றும், அங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலால் சினந்து, கல்வியை விட்டு வாளை எடுத்தான் என்றும் கூறுகிறது. விருந்து மாணவன் பகைவனாகத் திரும்பிய கதை அது. கல்விக்கூடத்தின் மதிப்பு அதன் வாயிலுக்கு வெளியே தெருவில் நடப்பவற்றாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதற்கு இதனினும் பழைய சான்று தென்னாட்டில் அரிது.

எனினும் கேள்வியின் நடுப்பகுதியைத் தொடுவது மணிமேகலைக் காப்பியமே. அதில் மணிமேகலை வஞ்சி நகரில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி முதலிய சமயவாதிகளை ஒவ்வொருவராக அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஆனால் தன் உருவில் நின்று கேட்கவில்லை. ஆண் துறவி ஒருவரின் வடிவை மேற்கொண்டு கேட்கிறாள். இளம்பெண் என்று கருதி எவரும் மெய்ப்பொருளை உரைக்க மாட்டார்கள் ஆதலால் வேற்றுருக் கொள்ளுமாறு கண்ணகித் தெய்வம் அவளுக்கு அறிவுறுத்தியதாகக் காப்பியம் காரணம் காட்டுகிறது. பின்னர் காஞ்சிக்கு வந்து பௌத்தத் துறவியான அறவண அடிகளை வணங்கி நிற்கும்போது, வேற்றுருவில் தான் கேட்ட சமயங்கள் அந்த உருவைப் போலவே செம்மையற்றவையாக இருந்தமையால் அவற்றில் மனம் வைக்கவில்லை என்கிறாள். அதன் பிறகே அளவை, அதாவது சரியான அறிவுக்கு வாயிலாகும் முறைகள் பற்றிய பாடம், காஞ்சியில் அவளுக்குத் தொடங்குகிறது.

இப்பகுதியைப் பௌத்தச் சார்புள்ள புலவர் பிற சமயங்களைச் சுருக்கித் தள்ளிய இடமாகப் படிப்பது வழக்கம். அது தவறான வாசிப்பன்று. ஆயினும் அதனோடு நின்றுவிடுவது காப்பியத்தின் நுட்பத்தைக் கைவிடுவதாகும். வேடத்தில் கேட்டவளிடம் எவரும் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லியிருக்க வேண்டியது அந்தப் பொய்யுருவே, மணிமேகலை அல்லள். கேட்பவர் கேட்கப்படாமல் இருக்கும்வரை கேள்வி ஒருவழிப்பட்டதாகிறது. அவ்வாறு பெற்ற செய்தி எவ்வளவு சரியானதாக இருந்தாலும் மனத்தில் ஊன்றுவதில்லை. அதே சமயம் குற்றம் முழுவதும் மாணவியுடையதுமன்று. பெண்ணுக்குச் சொல்ல மாட்டோம் என்று முன்னரே கதவடைத்த ஆசிரியர்களே அவளை வேடத்துக்குத் தள்ளினார்கள் என்பதைக் காப்பியம் மறைக்கவில்லை.

குமாரிலபட்டரைப் பற்றிய மரபுக்கதை இதே வேடத்தின் அறவிளைவைக் காட்டுகிறது. வேதச் சடங்குகளின் உண்மையை நிலைநாட்டும் மீமாம்சைத் தத்துவத்தின் பேராசிரியரான அவர், பௌத்தரை மறுப்பதற்காகவே பௌத்தர்போல நடித்து விகாரையில் பயின்றார் என்றும், பிற்காலத்தில் அதைக் குருத்துரோகமாக, அதாவது கற்பித்தவருக்கு இழைத்த வஞ்சகமாக, உணர்ந்து உமித்தீயில் தம்மை மாய்த்துக்கொண்டார் என்றும் மாதவீய சங்கரவிஜயம் சொல்கிறது. வரலாறாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பௌத்தத்தை முழுமூச்சாக எதிர்த்த ஒருவரின் கதையிலேயே, பௌத்த ஆசிரியருக்குச் செய்த பொய் கழுவாய் தேடவேண்டிய குற்றமாக வைக்கப்பட்டிருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. கொள்கையில் உடன்படாமை குற்றமன்று, கற்பித்தவரை ஏமாற்றியதே குற்றம் என்பது அக்கதையைப் புனைந்தவர்களின் தெளிவு.

ஆகவே உடன்பாடு வேறு, விளக்கம் வேறு. இவ்விரண்டையும் பிரித்து வைப்பதற்கு இந்தியத் தத்துவ மரபு வகுத்த முறையே பூர்வபட்சம்: மறுக்கப்போகும் கொள்கையை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்து, பிறகு தன் முடிவாகிய சித்தாந்தத்தைக் கூறுவது. இராமானுசர் காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பயின்றதையும், உபநிடதத் தொடர் ஒன்றின் பொருளில் ஆசிரியரோடு மாறுபட்டுப் பிரிந்ததையும் வைணவ மரபு விரிவாகச் சொல்கிறது. தாம் ஏற்காத அத்வைதத்தை ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் மகாபூர்வபட்சமாக அவர் நீண்டு விளக்கியிருப்பதைப் படிப்பவர், வேறொரு பள்ளியில் அமர்ந்து கற்ற காலம் வீணாகவில்லை என்பதை உணர்வர். அந்த ஆசிரியரே பிற்காலத்தில் மாணவரிடம் துறவு ஏற்றார் என்பதும் மரபு.

இன்றைய பரிமாற்ற மாணவருக்கு வேடம் பூண வேண்டிய தேவை இல்லை. வந்துபோகிறவர் என்னும் நிலையே அவருக்கு வேடமாகிவிடக் கூடும் என்பதுதான் இடர். ஆறு மாதத்தில் திரும்பப் போகிறவர் எதற்கும் தலையசைக்கலாம், எதையும் படம் பிடிக்கலாம், எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. சங்ககால மன்னன் தொண்டைமான் இளந்திரையன் பெயரோடு மரபு இணைத்துப் பேசும் பேரேரியின் கரையிலுள்ள தென்னேரியிலிருந்து, நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கத்தோலிக்கர் மிகுந்த ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கு ஒரு பருவம் படிக்கச் செல்வதாகக் கொள்வோம். தோழியரோடு ஞாயிறு திருப்பலிக்குச் செல்ல அவளுக்குத் தடையில்லை. ஆனால் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்று அச்சபை நம்பும் நற்கருணையை, திருமுழுக்குப் பெறாதவள் பெறலாகாது. அதேபோல் அந்நாட்டு மாணவர் ஒருவர் காஞ்சிக்கு வந்தால், தமிழகக் கோயில்கள் பலவற்றில் இந்து அல்லாதோர் கொடிமரத்துக்கு அப்பால் செல்ல இயலாது என்னும் பலகை அவரை நிறுத்தும்.

இவ்விரு எல்லைகளும் அறத்தில் ஒத்தவையா என்பது தனி விவாதம். ஒன்று புனிதச் செயலில் பங்கேற்பதைத் தடுக்கிறது, மற்றது இடத்தையே மூடுகிறது. ஆனால் எல்லை இருப்பதனால் மட்டும் கல்வி கெடுவதில்லை. மரியாதைக்காக வரிசையில் நின்று நற்கருணையை வாங்கிக்கொள்பவளைவிட, இருக்கையிலேயே அமர்ந்து, அதை ஏன் தான் பெறவில்லை என்பதையும் பிறர் ஏன் பெறுகிறார்கள் என்பதையும் அறிந்திருப்பவள் அச்சமயத்துக்கு அணுக்கமாக இருக்கிறாள். முன்னவள் செய்வது, அன்போடு செய்யப்படினும், வேற்றுருக் கேள்வியே.

அந்தத் தென்னேரிப் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்விகளோ இன்னும் முக்கியமானவை. ஊரில் இருக்கும்வரை, தன் கோயிலின் கருவறைக்குள் யார் நுழையலாம், ஏன் பிறர் நுழையலாகாது என்று அவளை யாரும் கேட்டதில்லை; சுற்றியிருந்த எல்லோரும் விடையை அறிந்தவர்கள், அல்லது கேட்கக் கூடாது என்பதை அறிந்தவர்கள். பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கித் தமிழகம் 1970இல் சட்டத் திருத்தம் செய்ததும், 1972இல் உச்ச நீதிமன்றம் சேஷம்மாள் வழக்கில் அதைச் செல்லும் என்று ஏற்றபோதே ஆகம மரபுக்கும் இடம் வைத்ததும், பயிற்சி பெற்ற பிற சாதியினர் 2021 ஆகஸ்டில் அர்ச்சகராக நியமிக்கப்பட்டதும் அவள் செய்தியாகக் கடந்துவந்தவை. விடுதியின் உணவு மேசையில் ஒரு வெளிநாட்டுத் தோழி கபடமின்றிக் கேட்கும்போது, அவை அவள் விடை சொல்ல வேண்டிய பொருளாகின்றன. தற்காப்புக்காகப் பெருமை பேசுவதும், கேட்பவரை மகிழ்விக்கத் தன் மரபை இகழ்வதும் ஆகிய இரண்டும் அவ்வேளையில் எளிய வழிகள். இரண்டையும் தவிர்த்து, தான் எதை நம்புகிறாள், எதற்கு வெட்குகிறாள் என்று முதன்முறையாகப் பிரித்துச் சொல்ல நேர்வதே அந்த அரையாண்டின் மெய்யான சமயக் கல்வி எனலாம்.

காலம் போதாது என்னும் தடைக்கு, 671இல் சீனத்திலிருந்து கடல்வழியே புறப்பட்ட பௌத்தத் துறவி இத்சிங் விடையாவார். அவர் முதலில் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அதன் பின்னரே நாளந்தாவில் பத்தாண்டளவு கற்றார். இந்தியா செல்ல விரும்பும் சீனத் துறவிகள் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டுகள் தங்கிப் பழகிச் செல்வது நல்லது என்றும் எழுதினார். குறுங்காலத் தங்கலை அவர் நிறைவாகக் கருதவில்லை, வீணாகவும் கருதவில்லை. அவருக்கு முன் வந்த யுவான் சுவாங்கோ, ஏறக்குறைய 640இல் காஞ்சியில் இருந்தபோது, பஞ்சத்தாலும் அரசியல் குழப்பத்தாலும் இலங்கையிலிருந்து வந்திருந்த துறவிகளிடம் யோகாசாரம் என்னும் பௌத்தப் பிரிவின் நூற்பொருளைக் கேட்டார். அவர்கள் தந்த விளக்கம் நாளந்தாவில் தம் ஆசிரியர் சீலபத்திரர் சொன்னதற்கு மேற்படவில்லை என்று கண்டு, கடல் கடக்காமலே திரும்பினார். அந்தச் சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர். எத்தனை நாடுகள் கண்டோம் என்பதை அளவாகக் கொள்ளாத பயணி யுவான் சுவாங். தாம் கேட்க வேண்டிய வினா எது என்பதைக் கடல்துறைக்கு வருமுன்னரே அறிந்திருந்தார்.

இவற்றை நோக்கினால், பரிமாற்றப் பருவத்தில் சமயம் பற்றிய பாடம் நடத்தும் துறைகள் தேர்வுமுறையையே மாற்ற வேண்டியிருக்கும். விழாக்களைக் கண்டு எழுதும் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் தருவதைவிட, மாணவர் தாம் ஏற்காத ஒரு கொள்கையை எழுதி, அக்கொள்கையுடையவர் முன் அதைப் படித்து, அது தங்கள் கொள்கைதான் என்று அவர்கள் ஒப்புமாறு திருத்தி, பிறகு அவர்கள் கேட்கும் வினாக்களுக்குத் தம் நிலையிலிருந்து விடையளிக்குமாறு செய்வதே தக்கது. காஞ்சிக்கு வரும் மாணவருக்கும் தென்னேரியிலிருந்து செல்லும் மாணவருக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும். ஆறு மாதத்தில் செய்து முடிக்கக் கூடியதும்கூட.