துன்பத்துக்கு வர்ணம் பூசலாமா?



பிரெஞ்சு ஓவியர் ஆல்பிரெட் மனெஸியேயின் சித்திரங்கள் அடங்கிய புத்தகமொன்றை நம் பங்குப் பெரியவர் ஒருவருக்குக் காட்டினேன். சிவப்பும் நீலமும் மஞ்சளும் சுடர்விடும் பக்கங்கள். மனித உருவம் தெரியவில்லை. “அழகாய்த்தான் இருக்கிறது சாமி, இது என்ன?” என்றார். “பிரேசில் நாட்டுச் சேரிகள்” என்றேன். பெரியவரின் முகம் மாறியது. “ஏழையின் துன்பத்தை இப்படி அழகாக்குவது பாவமில்லையா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் மனெஸியே துன்பத்தை வேடிக்கை பார்த்தவரல்லர். 1911-ல் பிறந்த அவர், 1943-ல் சொலீஞியிலுள்ள திராப்பிஸ்து மடத்தில் தங்கியபோது, சந்நியாசிகளின் ஜெபத்தால் உள்ளம் தொடப்பட்டு விசுவாசத்துக்குத் திரும்பினார். சோம் நதி கடலில் கலக்குமிடத்து ஒளியை வரைந்தார். லெ பிரெசே என்னும் கிராமத்துக் கோவிலுக்கு உருவங்களில்லாத வர்ணக் கண்ணாடிச் சாளரங்களை அமைத்தார். வியட்நாம் போரின் கொடுமையையும் வரைந்தார். ஏழைகளுக்காகக் குரல் கொடுத்த பிரேசில் மேற்றிராணியார் எல்டர் கமாராவுக்கு 1979-ல் ஓர் ஓவியத்தை அஞ்சலியாக்கினார். சேரிகளைப் பற்றிய ஓவிய வரிசையும் அக்காலத்தை ஒட்டியதே.

அப்படியும் பெரியவரின் கேள்வி தீரவில்லை. ஆகவே பீடத்திலிருந்த வெள்ளிப் பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக் காட்டினேன். “ஆணியும் இரத்தமும் நிறைந்த மரணத்தை நாமும் வெள்ளியில் வார்த்து, பூ வைத்திருக்கிறோமே?” சற்று யோசித்துச் சொன்னார்: “வாஸ்தவம் சாமி. ஆனால் அதன் முன் முழங்காலிடுகிறோமே!”

எனக்கு விடை கிடைத்தது. துன்பத்தை அழகாகக் காட்டுவதில் குற்றமில்லை. பார்த்தவன் எழுந்து யாரிடம் போகிறான் என்பதே கேள்வி. அழகு நம்மை நிறுத்தி, துன்புறுகிறவனிடம் அனுப்பினால் அது நன்மை. “எத்தனை அழகு!” என்று சொல்லி, பக்கத்தைப் புரட்டி உறங்கப் போனால், குற்றம் ஓவியனுடையதல்ல, நம்முடையது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பக்கங்களை ஒரு மணி நேரம் இமை கொட்டாமல் பார்த்தவன் நான். நம் வாய்க்காலோரத் தகரக் குடிசைகளைத் தினமும் கடந்து போகிறவனும் நானே. அங்கிருக்கும் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இந்த ஞாயிறு பூசை முடிந்து அங்கே போகிறேன். நீங்களும் வாருங்கள். முதலில் பெயர்களைக் கேட்டறிவோம்.