வாக்குறுதியால் வாழும் மொழி: ஓர் அறவியல் நோக்கு

மனிதர் தாமாக விரும்பி, ஊதியமின்றி அமைத்துக்கொள்ளும் குழுக்கள் முறைப்படி கலைக்கப்படுவது அரிது. அவை கூடாதுபோகின்றன; அவ்வளவே. செயலாளர் பட்டம் பெற்று வெளியேறுகின்றார். கணக்கேடு பொருளாளரின் கையிலே தங்கிவிடுகின்றது. அடுத்த கூட்டத்திற்குத் திகதி குறிக்கப்படாமலே ஆண்டுகள் கழிகின்றன. பல்கலைக்கழக மன்றங்களிலே பழகிய எவருக்கும் இது புதிய செய்தியன்று. பின்னொரு நாள் ஒருவர் பழைய யாப்பினைத் தேடியெடுத்து, இதனை மீண்டும் இயங்கச் செய்வோம் என்கின்றார். அவ்வாறு அழைப்பதற்கு அவருக்குள்ள உரிமை யாது? அவ்வழைப்புக்கு இணங்கும் கடமை பிறர்க்கு உண்டா? இவ்வினாக்கள் எத்தகைய குழுவுக்கும் பொருந்துவனவே. ஆயினும், புனைந்தமைக்கப்பட்ட மொழியொன்றைப் பரப்புதற்கென எழுந்த தொண்டர் குழு செயலிழந்து, பின்னர்ப் புத்துயிர் பெற முனையும்போதே இவை மிகுந்த கூர்மை பெறுகின்றன. அதற்கான காரணத்தையும், அத்தகைய முயற்சி எந்நிலையில் நியாயமாகும் என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இயற்கை மொழிக்கும் ஆக்க மொழிக்குமிடையேயுள்ள வேறுபாட்டினை நோக்குவோம். இயற்கை மொழி தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்வது. அதனைப் பேசுவதற்கு எவரும் உடன்படிக்கை செய்துகொள்வதில்லை. தமிழ் வளர்க்கும் சங்கமொன்று இன்று மூடப்படினும் நாளைய சந்தையிலே தமிழ் ஒலிக்கும். ஆக்க மொழிக்குச் சந்தையும் இல்லை, ஊரும் இல்லை. எஸ்பெராண்டோவை வீட்டிலேயே கேட்டு வளரும் பிள்ளைகள் சிலர் உளர். அதுவுங்கூடப் பெற்றோர் ஆராய்ந்து எடுத்த தீர்மானத்தின் விளைவேயாகும். எனவே, ஆக்க மொழியொன்று நிலவுவதற்கு ஆதாரமாயிருப்பது ஒரு வாக்குறுதி. 'நீ இதனைக் கற்பாயாயின் உன்னோடு உரையாட யாரேனும் இருப்பார்' என்பதே அவ்வாக்குறுதி. அம்மொழியைப் பரப்பும் குழு அவ்வாக்குறுதியின் காப்பாளராகும். குழு ஓய்ந்துவிடின் ஓய்வது நிருவாகம் மட்டுமன்று. கற்றவர்க்கு அளிக்கப்பட்ட சொல்லும் பொய்த்துவிடுகின்றது.

இக்கூற்று வெறும் உவமையன்று. எஸ்பெராண்டோவின் வரலாறு மெய்யான வாக்குறுதிப் பத்திரம் ஒன்றோடுதான் தொடங்குகின்றது. அம்மொழியை ஆக்கிய லுட்விக் சமன்ஹோவ், அக்காலத்தில் ருஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த பியாலிஸ்டொக் நகரிலே 1859 இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். யூதர், போலந்தியர், ருஷ்யர், ஜேர்மானியர் என்போர் அந்நகரிலே அருகருகே வாழ்ந்தும் தத்தம் மொழியால் வேறுபட்டுப் பகைமை பாராட்டினர். ஒரு தெருவிலே வாழ்வோர் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதிருப்பது எத்தகைய இடர்களுக்கு வழிவகுக்கும் என்பதை எமது நாட்டு வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பிற்காலத்திற் கண் வைத்தியராகத் தொழில் புரிந்த சமன்ஹோவ், 'நம்பிக்கை கொண்டிருப்பவர்' எனப் பொருள்படும் எஸ்பெராண்டோ என்ற புனைபெயரில் 1887 இல் வார்சோ நகரிலே தமது முதல் நூலை வெளியிட்டார். புனைபெயரே பின்னர் மொழியின் பெயராயிற்று. அந்நூலுடன் சிறு பத்திரங்கள் சிலவும் இணைக்கப்பட்டிருந்தன. பத்து மில்லியன் பேர் இதே வாக்குறுதியைப் பகிரங்கமாக அளித்துள்ளனர் என்று காட்டப்படுமாயின் தாமும் இம்மொழியைக் கற்பதாக வாசகர் கையொப்பமிட்டு அனுப்புதற்கானவை அவை.

இவ்வேற்பாடு அறிவுக்கு உகந்ததாகவே தோன்றுகின்றது. பேசுவாரற்ற மொழியைக் கற்று எவரும் வீணே உழைக்க நேராது. எல்லோரும் ஒரே நாளிற் கடமைப்படுவர். ஆயின், பத்து மில்லியன் கையொப்பங்கள் வந்து சேரவில்லை. 1889 இல் சமன்ஹோவ் வெளியிட்ட முதலாவது முகவரி நூலில் இடம்பெற்றவர்கள் ஆயிரம் பேர் மட்டுமே. நிபந்தனையைக் கண்டிப்பாகக் கொள்வோமாயின் அவருள் எவருக்கும் யாதொரு கடமையும் இருக்கவில்லை. எனினும், அவர்களைப் போன்ற சிலர் நிபந்தனை நிறைவேறுமட்டும் காத்திராது மொழியைக் கற்கலாயினர். ஒருவர்க்கொருவர் கடிதம் எழுதினர். 1905 இல் பிரான்சின் பூலோன் நகரிலே முதலாவது உலக மாநாடு கூடியபோது ஏறத்தாழ எழுநூறு பேர் அங்கே நேரிற் சந்தித்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் மெய்யியலாளரான டேவிட் ஹியூம், அயலவரான இரு கமக்காரரைப் பற்றிக் கூறுவார். ஒருவரது பயிர் இன்று விளைந்திருக்கின்றது. மற்றவரது பயிர் நாளை விளையும். ஒருவர்க்கொருவர் உதவின் இருவரும் பயனடைவர். ஆனால், உதவியைப் பெற்றபின் மற்றவர் கைவிட்டுவிடுவார் என்ற ஐயத்தினால் இருவருமே தனித்து நின்று அறுவடையை இழக்கின்றனர். 'பிறர் முதலிற் செய்யட்டும்' என்னும் நிபந்தனை நியாயமானதே. ஆயினும், எல்லோரும் அதனைப் பற்றிநிற்பின் எச்செயலும் தொடங்குவதில்லை. பத்து மில்லியன் பேருக்குக் காத்திராதோரின் செயலிலேதான் எஸ்பெராண்டோ உயிர்பெற்றது என்பது இதனாற் புலனாகும். செயலிழந்த குழுவொன்றைப் புதுப்பிக்க முன்வருபவர் நிற்பதும் அதே இடத்திலேதான்.

இனி, உரிமை பற்றிய வினாவினை நோக்கலாம். இறந்துபட்ட குழுவின் பெயரைப் பிறிதொரு தலைமுறை எடுத்தாளலாமா? இவ்விடயத்தில் வொலாபூக் மொழியின் வரலாறு நல்லதோர் எச்சரிக்கையாக அமைகின்றது. ஜேர்மன் கத்தோலிக்கக் குருவான யோகான் மார்ட்டின் ஷ்லையர் 1879 இல் அம்மொழியை அமைத்தார். பத்தாண்டுகளுள் அது ஐரோப்பாவெங்கும் பரவியது. 1889 இல் பாரிசிலே அதன் மூன்றாவது மாநாடு நிகழ்ந்தது. ஆயின், மொழியைத் திருத்தும் அதிகாரம் யாருக்குரியது என்ற பிணக்கு எழுந்தபோது, இறுதிச் சொல் தம்முடையதே என்று ஷ்லையர் வற்புறுத்தினார். இயக்கம் பிளவுண்டு விரைவிலே தேய்ந்தது. 1887 இல் மியூனிக் மாநாட்டிலே தோற்றுவிக்கப்பட்ட வொலாபூக் கழகமோ மறைந்துவிடவில்லை. ரோசன்பேர்கர் என்பவரின் தலைமையில் அது வொலாபூக்கைக் கைவிட்டு, 1902 இல் வேறொரு மொழியை வெளியிட்டது. 1908 இல் இத்தாலியக் கணிதவியலாளரான ஜுசெப்பே பெயானோ அதன் தலைமையை ஏற்றார். இலத்தீனை எளிமைப்படுத்தித் தாம் ஆக்கியிருந்த மொழியினை நோக்கிக் கழகம் திரும்பியது. தொடர்ச்சி அறாத அதே கழகம், எம்மொழிக்கெனப் பிறந்ததோ அம்மொழியையே துறந்துவிட்டது!

இது துரோகமா, வளர்ச்சியா? கருவியை மாற்றினும் உலக மக்களை ஒருவரோடொருவர் பேசவைக்கும் இலட்சியத்தை மாற்றவில்லை என்று கழகத்தார் வாதிடலாம். அவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ள முடியாது. ஆயின், எங்கோ ஒரு சிற்றூரிலிருந்துகொண்டு, வொலாபூக்கை முயன்று கற்று, தொலைதூர நண்பருக்கு மடல் வரைந்த ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவருக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி இலட்சியத்தைப் பற்றியதன்று. பதிலெழுத ஒருவர் இருப்பார் என்பதே. இலட்சியம் முன்னேறிச் சென்றது. மனிதர் பின்னே விடப்பட்டார். எனவே, புதுப்பிப்போர் கடமைப்பட்டிருப்பது பெயருக்கன்று. இலக்கண விதிகளுக்கு மட்டுமன்று. அவ்வாக்கை நம்பிய ஆட்களுக்கே என்பது என் துணிபு. சமன்ஹோவ் தமது முதல் நூலிலேயே மொழியின்மீதான உரிமையைத் துறந்துவிட்டமை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. உடைமையாளர் இல்லாத மொழியின் குழுவைப் புதுப்பிக்க எவரது அனுமதியும் வேண்டியதில்லை. அதனை நம்பியவர்க்கு விடை சொல்லும் பொறுப்பை ஏற்பவர் எவரோ அவரே உரிமையாளர்.

மனிதரை மறந்து வடிவத்தை மாத்திரம் உயிர்ப்பித்தல் எத்தகையது என்பதற்கும் வொலாபூக்கே சான்று தருகின்றது. 2007 ஆம் ஆண்டளவில் விக்கிப்பீடியாவின் வொலாபூக் பதிப்பிலே கட்டுரைகளின் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அவற்றுட் பெரும்பாலானவை கணினி நிரலொன்றினால் ஆக்கப்பட்ட சிறு குறிப்புகள். உலகெங்கும் அம்மொழியை அறிந்தோர் மிகச் சிலரே. அதனைச் செய்தவரின் நோக்கம் மொழியின்பால் உலகின் கவனத்தை ஈர்ப்பதாக இருக்கலாம். அதனைப் பழித்தல் முறையாகாது. ஆனால், வாசகர் இல்லாத இலட்சம் பக்கங்களைவிட, விடை பெற்ற ஒரு கடிதம் அம்மொழிக்கு அதிக உயிரை அளித்திருக்கும்.

புத்துயிர்ப்பின் மெய்யான பொருளை, துன்பம் மிக்க காலங்களிலே காணலாம். முதல் உலகப் போரின்போது, 1908 இல் நிறுவப்பட்டிருந்த உலக எஸ்பெராண்டோச் சங்கம் ஜெனீவாவிலிருந்துகொண்டு, பகை நாடுகளிற் பிரிந்து கிடந்த குடும்பத்தவரின் கடிதங்களைக் கைமாற்றி அனுப்பியது. அம்மொழி அன்று உலகை வென்றிருக்கவில்லை, இன்றும் வெல்லவில்லை. ஆயினும், அக்கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. பின்னர் நாசி ஜேர்மனியில் 1936 இல் எஸ்பெராண்டோ அமைப்புக்கள் தடைசெய்யப்பட்டன. சமன்ஹோவின் பிள்ளைகள் மூவருமே நாசிகளாற் கொல்லப்பட்டனர்: மகன் அடம் 1940 இல் சுட்டுக் கொல்லப்பட்டார், சோபியாவும் லிடியாவும் 1942 இல் திரெபிளிங்கா முகாமிலே மாண்டனர். சோவியத் நாட்டிலோ, அங்கு இயக்கத்தை வழிநடத்திய ஏர்னஸ்ட் டிரேசன் 1937 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். உறுப்பினர் பலர் சிறைப்பட்டனர். பிறநாட்டாரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தமையே ஐயத்துக்கு இடமாயிற்று. ஸ்டாலினின் மறைவுக்குப் பின்னர் அங்கே சிறு வட்டங்கள் மீண்டும் தோன்றின. 1979 இல், அரசின் கண்காணிப்புக்குட்பட்டதாயினும், நாடளாவிய சங்கமொன்று மறுபடி அமைந்தது. அவ்வட்டங்களிலே கூடியவர்கள் வெற்றியை எதிர்பார்த்துக் கூடினர் என்று கொள்வது கடினம். மொழி ஒன்று நெஞ்சிலிருக்க, பேசுவதற்கு ஆளின்றி இருபது ஆண்டுகளைக் கழித்தவர் அவர்களிடையே இருந்தனர். அவரோடு பேசுவதே அன்றைய கடமை.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. உலகத் தொடர்புமொழியாக ஆங்கிலம் நிலைபெற்றுவிட்ட இக்காலத்தில், தோற்றுப்போன முயற்சிக்கு உழைப்பைச் செலவிடுதல் பொறுப்பின்மையாகாதா? வறுமையும் அநீதியும் நிறைந்த சமுதாயத்திலே அவ்வுழைப்பு வேறிடத்திற் பயன்பட வேண்டாவா? இவ்வாட்சேபத்தில் உண்மையுண்டு. அதனாலேயே கடமையின் எல்லையை வரையறுத்தல் இன்றியமையாததாகின்றது. இம்மொழியை அறியாத ஒருவர் குழுவைப் புதுப்பிக்கக் கடமைப்பட்டவரல்லர்; அவருக்கு அது ஓர் அழைப்பு மட்டுமே. ஆனால், பிறரைக் கற்கத் தூண்டியவரும், பிறரது உழைப்பினாற் கற்றுப் பயனடைந்தவரும் அவ்வாறு விலகிநிற்க முடியாது. முயற்சி வெல்லாது என்பது அவர் கொடுத்த சொல்லை இரத்துச் செய்யாது. ஆங்கிலத்தின் பரம்பலும் அச்சொல்லுக்கு விடையாகாது.

பயன் கருதாது கடமையைச் செய்க என்னும் கீதைக் கோட்பாட்டினை இங்குத் துணைக்கழைப்போர் உளர். அது பொருத்தமானதே. ஆயினும், ஒரு திருத்தம் வேண்டும். பயனிற் பற்றின்மை என்பது ஆட்களில் அக்கறையின்மையாகிவிடக் கூடாது. 'பலன் எமக்குப் பொருட்டன்று' எனக் கூறிக்கொண்டு, புதிதாக வரும் இளைஞரிடம் உலகமே நாளை இம்மொழியைப் பேசும் என்று ஆசைகாட்டுதல் அறமாகாது. நிறைவேற்றக் கருதாத வாக்குறுதியை அளித்தல் எந்நிலையிலும் தகாது என்று இம்மானுவேல் காண்ட் வாதித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எனவே, புதுப்பிக்கப்படும் குழு சில நியமங்களை ஏற்றாக வேண்டும். உறுப்பினர் பன்னிருவராயின் பன்னிருவர் என்றே அது சொல்லுதல் வேண்டும். தன்னாற் காக்கக்கூடிய வாக்கையே அது அளித்தல் வேண்டும். வாரத்தில் ஒரு வகுப்பு நடைபெறும், எழுதும் ஒவ்வொருவருக்கும் பதில் கிடைக்கும் என்பன சிறிய வாக்குகள், ஆனால் காக்கத்தக்கவை. மேலும், இயலாதபோது ஒழுங்காக முடித்துவைக்கவும் அது ஆயத்தமாயிருத்தல் வேண்டும். 1924 இல் நியூயோர்க்கிலே நிறுவப்பட்ட சர்வதேசத் துணைமொழிச் சங்கம், 1951 இல் இன்ரர்லிங்குவா மொழியின் இலக்கணத்தையும் அகராதியையும் வெளியிட்டபின், சில ஆண்டுகளுள் தன் பணியை முடித்துக்கொண்டது. 1955 இல் அமைந்த வேறொரு சங்கம் அம்மொழியைப் பரப்பும் பொறுப்பை ஏற்றது. கையளித்துவிட்டு விலகுதலும் வாக்குக் காத்தலின் ஒரு வகையே. கூட்டத் திகதி குறிக்காமலே மறைந்துபோதல் அவ்வாறன்று.

செயலிழந்த குழுவைப் புதுப்பிக்கும் முதற் கூட்டத்திலே புதிய தலைவரையும் செயலாளரையும் தெரிவு செய்தலே வழக்கம். அதற்கு முன்னர் ஆற்றவேண்டிய பணியொன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. பழைய உறுப்பினர் இடாப்பைத் திறந்து, விடை பெறாது கிடக்கும் முகவரிகளுக்கு, அவர்கள் கற்ற அம்மொழியிலேயே ஒரு கடிதம் எழுதுதல் வேண்டும். அவற்றுட் பல திரும்பி வரக்கூடும். ஒன்றுக்கேனும் பதில் வருமாயின் குழு உயிர்பெற்றுவிட்டது என்று கொள்ளலாம். பதவிகளுக்கு ஆட்களைத் தேடுதல் அதன்பின் நிகழட்டும்.