காலாவதியாகாத கடன்

மன்னார் ஒரு மாவட்டத்தின் தலைநகரம். கச்சேரி, நகர சபை, மேல் நீதிமன்றம், ஆயர் இல்லம், வரிசையாக வங்கிக் கிளைகள் என நகரத்துக்கு உரியவை எல்லாம் அங்கே உண்டு. ஆனாலும் கழுதைகள் பஜாருக்குள் தம் பாட்டுக்கு உலாவும். கடைக்கு வருகிறவர் யாருடைய மகன், எந்த ஊரில் பெண் எடுத்தவர், இந்தக் கிழமை கடலுக்குப் போனாரா என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரியும். பள்ளிமுனையில் இறந்தவரின் செய்தி சின்னக்கடைக்கு வர நேரம் எடுப்பதில்லை. பெயரளவில் நகரம், பழக்கத்தில் ஊர்.

இப்படிப்பட்ட இடத்தில் வியாபாரம் முகத்தைப் பார்த்து நடக்கிறது. காற்று மாறிக் கடல் மூடும் மாதங்களில் அரிசியும் சீனியும் கடன் கொப்பியில் ஏறும். மீன் படும்போது இறங்கும். பேசாலையிலும் வங்காலையிலும் மீன் வாங்கும் முதலாளி வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுப்பார். வாங்கியவர் பிடித்த மீனை அவருக்கே போட வேண்டும், அதுவும் சந்தை விலையிலும் சற்றுக் குறைத்து. இதைச் சுரண்டல் என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் படகு கவிழ்ந்த மறுநாள், மகளுக்குக் கல்யாணம் பேசிய மாதம், ஆஸ்பத்திரிச் செலவு வந்த இரவு, வங்கி திறக்காத கதவை அந்த முதலாளிதான் திறந்திருப்பார். இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொன்னால் மன்னாரின் பொருளாதாரம் புரியாது.

போருக்குப் பிறகு வந்த நுண்கடன் நிறுவனங்கள் இந்த முகப் பழக்கத்தை நன்றாகவே புரிந்துகொண்டன. அயல்வீட்டுப் பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கினார்கள். நகையோ காணியோ ஈடாகத் தேவைப்படவில்லை, வெட்கமே ஈடு. தவணை நாளில் வாசலுக்கு வந்து நிற்பவரை அயலார் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காகவே இன்னொரு இடத்தில் கடன்பட்டுக் கட்டிய பெண்கள் வடக்கு முழுவதும் இருந்தார்கள். இந்தக் கடன்களுக்கு ஆண்டுக்கு 35 சதவீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக் கூடாது என்று மத்திய வங்கி எல்லை போட்டது 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான். அந்த எல்லையே எவ்வளவு உயரமானது என்பதிலிருந்து, அதற்கு முன் இருந்த நிலையை ஊகிக்கலாம்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. ஒருவரை நேர்மையாக வைத்திருப்பது அவருடைய அறமா, அல்லது நாலு பேர் கண்ணா? எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. கடன் வாங்கியவர் கொடுத்தவரின் கடையைத் தினமும் கடந்துதான் பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ போகவேண்டும். கடவுளுக்குப் பயந்தாரா, கடைக்காரருக்குப் பயந்தாரா என்று அவருக்கே தெரியாது. கொடுத்தவர் அந்தத் தெருவில் இல்லாமல் போகும்போதுதான் அது தெரியவரும்.

முகம் தெரியாதவர்களின் நகரமும் இந்தக் கரையில் இருந்திருக்கிறது. மன்னார்த் தீவுக்கு எதிரே மாந்தையில் 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் தோண்டியபோது, சீனத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த மட்பாண்டங்கள் கிடைத்தன. மாதோட்டம் என்று தேவாரம் பாடுகிற துறைமுகம் அது. பின்னாளில் தெற்கே சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த பருவங்களில், வெறும் மணலில் ஓலைப் பந்தல்களால் ஒரு நகரம் எழும்பி, சில கிழமைகளில் கலைந்துபோகும். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாளிகள், கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வியாபாரிகள், நகரத்தார், பரதவர் எனப் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். பிடித்ததில் ஒரு பங்கு குளியாளிக்கு, மீதி அரசுக்கு.

அந்த நகரத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் தொழில். அவர் வராமல் குளியாளிகள் கடலில் இறங்கமாட்டார்கள். 1859இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட் ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். மந்திரம் பரம்பரையாக வருவது. அதை ஓதுகிறவர் எந்தச் சமயத்தவர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்போதைய குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கர். இந்துக் குளியாளியும் முஸ்லிம் குளியாளியும் அவரை நம்பித் தலைகீழாகப் பாய்ந்தார்கள். மூச்சை அடக்கிக் கீழே போகிறவருக்கு மேலே நிற்பவரின் வேதம் தடையாக இல்லை. அழகான செய்திதான். ஆனால் அந்த ஒற்றுமை பருவத்தோடு முடிந்தது. கூடாரம் பிரிந்ததும் அவரவர் வழியில் கலைந்தார்கள். பாக்கியோடு கூடி வாழ்வது அதைவிடக் கடினம். அந்தக் கடினம் மன்னார்ப் பட்டினத்துக்கு உரியது.

மாதோட்டத்துச் சிவன் கோயிலான திருக்கேதீச்சரத்தைப் பாடியவர்களில் ஒருவர் சுந்தரர். இராமேசுவரத்தில் நின்றபடியே, கடல் கடக்காமல், அக்கரையில் இருந்த அந்தத் தலத்தைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவருடைய வாழ்க்கைக் கதையோ கொடுக்கல் வாங்கல் நிறைந்தது. விருத்தாசலத்தில் இறைவனிடம் பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்து, மாற்றுக் குறைகிறதே என்று முறையிட்டவர் அவர். அதற்கும் முன்னால், திருமணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து நிற்கிறார்: உன் பாட்டன் தானும் தன் வழிவந்தோரும் எனக்கு அடிமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் விடவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழித்தது படியோலை; மூல ஓலை பத்திரமாக இருக்கிறது. பாட்டனின் கையெழுத்தை வேறு ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த அந்தணர்கள் பேரனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பக்தர்கள் இதைத் தடுத்தாட்கொண்ட கருணையாகப் படிக்கிறார்கள்; அப்படித்தான் படிக்க வேண்டும். ஆனால் கதை நிற்கும் அடித்தளத்தையும் பார்க்கலாம். எழுதியவர் உயிரோடு இல்லை. பேரனுக்கு அந்த ஓலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓலையைக் கிழித்தாகிவிட்டது. காலமும் கடந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் கடன் கடன்தான் என்று சொல்லும் சபையின் முன்னால்தான் இறைவனே வந்து நிற்கிறார்.

அப்படி ஒரு கடன் மன்னாரிலும் இருக்கிறது. 1990 அக்டோபரின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் மன்னார் மாவட்டத்தவரே அதிகம். எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். அங்கிருந்து புத்தளத்து ஓலைக் குடிசைகளுக்கு. கையில் தூக்கக்கூடிய பைகளும் கொஞ்சப் பணமும் தவிர மற்ற எல்லாம் பின்னால் நின்றன. வீடு, காணி, தோணி, வலை, ஆடு மாடு, கடைக்குள் இருந்த சரக்கு. கடன் கொப்பிகளும்தான். அயலவர் பலர் அவர்களிடம் பாக்கி வைத்திருந்தார்கள். அவர்களிலும் பலர் பிறருக்குப் பாக்கி வைத்தே போனார்கள். சாவியை அயல்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்த வெளியேற்றத்துக்கு எதிராகப் பேசிய மன்னார்த் தமிழர்களும் இருந்தார்கள். துவக்கின் முன்னால் அது சிறிய காரியமல்ல. அதே ஆண்டில் தமிழர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இராமேசுவரத்துக்குத் தோணி ஏறினார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில், அந்த வெளியேற்றம் தவறு என்று புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் எந்தக் கடைச் சாவியும் திரும்பிவிடவில்லை.

முகம் தெருவில் இல்லாமல் போன அந்த 20 ஆண்டுகளில் என்ன நடந்தது? எல்லாம் நடந்தது. சில வீடுகள் காக்கப்பட்டன. சில வீடுகளின் ஓடும் நிலையும் கழன்றன. போரால் வேறிடத்திலிருந்து துரத்தப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் குடியேறின. முசலிப் பக்கத்தில் காணிகள் காடாகின. மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளில் அந்தக் காட்டை அரசு 2012இல் ஒதுக்குக்காடாகவே அறிவித்துவிட்டது. உரியவர் இல்லாதபோது காடு வளர்ந்ததையே உரியவருக்கு எதிரான ஆதாரமாக ஆக்கினால் அதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

இலங்கைச் சட்டத்தில், 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியைத் தனதென்று 10 ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். அமைதிக் காலத்துக்கு இது பொருந்தும். தன் காணியை எட்டிப் பார்க்காதவரைக் காட்டிலும் உழைத்தவருக்குச் சட்டம் இரங்குகிறது. துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டவர் எட்டிப் பார்ப்பது எப்படி? இந்தக் கேள்விக்குப் பாராளுமன்றம் 2016இல்தான் பதில் சொன்னது. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் நீக்கியது. பயங்கரவாதச் செயல்களால் தம் உரிமையைத் தொடர முடியாமற்போனவர்களுக்கான சலுகை அது. ஆனால் வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். 2018இல் அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

சமயங்கள் இப்படிக் கதவு வைக்கவில்லை. எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன், இறந்தவர் யாருக்கேனும் கொடுக்க வேண்டியிருந்தால் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பது வழக்கம். கடனைத் தீர்த்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்பது குர்ஆனின் சட்டம். கடனை எழுதி வைத்துச் சாட்சி நிறுத்தச் சொல்லும் வசனமே அதன் மிக நீண்ட வசனம். லூக்கா நற்செய்தியில் வரித்தண்டலாளர் சக்கேயு இயேசுவுக்கு முன்னால் சொல்லும் முதல் சொல்லே கணக்காக இருக்கிறது: ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். திருடியதைத் திருப்பாமல் பாவசங்கீர்த்தனம் நிறைவுறாது என்பது திருச்சபையின் பழைய போதனை. சுந்தரரின் ஓலை ஏற்கெனவே பார்த்தது. மூன்று சமயத்தாரும் ஒரே பஜாரில் கடை வைத்திருக்கும் ஊரில், மூன்றும் ஒரே இடத்தில் உடன்படுகின்றன: கொடுத்தவர் கண்ணுக்குத் தெரியாததால் கடன் தீர்ந்துவிடாது. நாலு பேர் பார்வைக்கு அப்பால் ஒரு பார்வை இருக்கிறது என்று நம்புவதற்கு இதைவிட வேறென்ன பொருள் இருக்க முடியும்?

ஆனால் திருப்பிக் கொடுப்பது எப்போதும் எளிதல்ல. 2012 ஜூலையில் மன்னார் நகரமே கொதித்தது கோந்தைப்பிட்டி என்ற ஒரு சிறிய இறங்குதுறைக்காக. 1990க்கு முன் அதில் தோணி கட்டியவர்கள் உப்புக்குளத்து முஸ்லிம் மீனவர்கள். அவர்கள் திரும்பி வந்தபோது அங்கே விடத்தல்தீவிலிருந்து போரால் பெயர்ந்து வந்த தமிழ் மீனவர்கள் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. ஆர்ப்பாட்டம் கல்வீச்சாகி நீதிமன்றக் கட்டடத்தின் மேலேயே விழுந்தது. இரு பக்கமும் அகதிகள், இரு பக்கமும் வலையைத் தவிர வேறு வாழ்வற்றவர்கள். ஒருவரைத் துரத்தியவர் மற்றவரல்லர். ஆனாலும் முன்னவரின் இழப்பின் மேல்தான் பின்னவரின் அடுப்பு எரிந்தது. குற்றம் செய்யாதவருக்கும் பாக்கி இருக்க முடியும். சுந்தரர் கூட அந்த ஓலையை எழுதவில்லை. அதே நேரத்தில், பாக்கி இருப்பவரை மீண்டும் தெருவில் நிறுத்தினால் கணக்கு தீராது, ஊரில் இல்லாதவர் எண்ணிக்கையில் இன்னொருவர் கூடுவார்.

சமயப் பதட்டம் மன்னாருக்குப் புதிதல்ல. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அங்கே கிறிஸ்தவர்களைக் கொன்றான். பிறகு போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்தார்கள். 2019 சிவராத்திரி நேரத்தில் மாந்தை வீதியில் நின்ற திருக்கேதீச்சரக் கோயிலின் தற்காலிக வளைவைப் பிடுங்கி எறிந்த சம்பவத்தின் பின்னால் இந்த முழு நினைவும் இருந்தது. ஒவ்வொரு முறையும் குருக்களும் மௌலவியும் பாதிரியாரும் ஒரே மேடையில் அமர்ந்து நல்லிணக்கம் பேசுகிறார்கள். பேச்சு வேண்டியதுதான். அதே மேடை இன்னொரு வேலையையும் எடுத்துக்கொள்ளலாம்: பங்கு பங்காக, மஹல்லா மஹல்லாவாக, கோயில் கோயிலாக ஒரு கணக்கெடுப்பு. யாருடைய வீடு, யாருடைய கடை, எந்தத் துறையில் யார் தோணி, யார் கொப்பியில் யார் பாக்கி, இப்போது அது யார் கையில். நீதிமன்றம் கேட்காததை இவர்கள் கேட்கலாம். காலக்கெடு இவர்களைக் கட்டாது. இடத்தைத் திருப்ப முடியாத இடத்தில் வாடகையாக, வாடகையும் முடியாத இடத்தில் கடலுக்குப் போகும் நாட்களைப் பங்கிட்டுக்கொள்வதாக, அதுவும் இயலாத இடத்தில் உரியவரின் பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுச் சொல்வதாக அந்தக் கடன் தீர்க்கப்படலாம். 1990இல் 20 வயதாக இருந்தவர்களுக்கு இப்போது 55 தாண்டிவிட்டது. எந்த வேலி எங்கே நின்றது என்று கை நீட்டிக் காட்டக்கூடியவர்கள் அவர்கள்தான்.